நிழலுக்கு என்ன நிறம்?

ஜவுளிக் கடையில் உங்களைக் கவனித்திருக்கிறேன். கடைக்காரர் மெத்தை மேல் சேலைகளை ஒவ்வொன்றாக விரித்துப் போடுகிறார். விளக்கு வெளிச்சத்தில் எல்லாமே ஜொலிக்கின்றன. நீங்கள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் இருங்கள்" என்று சொல்லிவிட்டு நேரே வாசற்படிக்கு வந்து, வெயிலில் முந்தானையைப் பிடித்துப் பார்க்கிறீர்கள். உள்ளே அரக்காக இருந்தது வெளியே மாந்துளிராகிவிடுகிறது. கூட வந்த வீட்டுக்காரருக்கு இது விளங்குவதில்லை. "எல்லாம் ஒரே சிவப்புத்தானே?" என்று கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

வெளிச்சம் மாறினால் நிறமும் மாறும் என்று தெரிந்துதான் நீங்கள் வாசலுக்கு வருகிறீர்கள். சித்திரக்காரர்கள் வருஷக் கணக்கில் பயிற்சி செய்து கற்றுக்கொள்ளும் சமாசாரம் இதுதான். ஆகையால் இந்த வாரம் நான் சொல்லப்போவதைக் கண்டு பயப்படவேண்டாம். பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததே.

விஷயம் என்னவென்றால், மதுரை சிம்மக்கல்லிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் கல்லூரியில் படிக்கிறாள்; ஒழிந்த நேரத்தில் டாப்லெட்டில் படம் போடுகிறாள். (டாப்லெட் என்றதும் மருந்துக் கடை நினைவு வரவேண்டாம். சிலேட்டுப் பலகை மாதிரி ஒரு மின்சாரப் பலகை. பேனா போன்ற குச்சியால் அதன் மேலேயே எழுதலாம், வரையலாம்.) சென்ற தை மாதம் அந்தப் பெண்ணின் அப்பத்தா காலமாகிவிட்டார். தலைத் திவசத்துக்குள் அப்பத்தாவின் படத்தைத் தானே போட்டு, சட்டம் அடித்துக் கூடத்தில் மாட்டவேண்டும் என்று பெண்ணுக்கு ஆசை.

அப்பத்தா நல்ல கறுப்பு. முகத்தில் நிழல் விழும் இடங்களில் பெண் கறுப்பைக் கலந்தாள். முகம் சாம்பல் பூசியது போல் ஆயிற்று. இன்னும் கொஞ்சம் கறுப்பைக் கலந்தாள். தகட்டில் வெட்டி ஒட்டியது போலத் தட்டையாயிற்று. பிறகு மனம் சலித்து வெளுப்பைக் கூட்டிக்கொண்டே போனாள். இப்போது முகம் பளிச்சென்று இருக்கிறதாம். ஆனால் அது தம் மாமியார் இல்லை என்கிறார் அந்தச் சகோதரி. அவர் கணவர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போய்விட்டாராம். பெண் இரண்டு நாளாகப் பலகையைத் தொடவில்லை. அவளை ஏதாவது வகுப்பில் சேர்க்கலாமா, அல்லது புகைப்படத்தையே பெரிது பண்ணி மாட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, இரண்டும் இப்போது வேண்டாம். உங்கள் மகளின் கையில் குற்றமில்லை. அவள் கறுப்பை நம்பினாள். அதனால் வந்த வினை.

மாம்பழம் சூடு, மோர் குளிர்ச்சி என்று நாம் சொல்வதில்லையா? வர்ணங்களிலும் அப்படி ஒரு பிரிவு உண்டு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, காவி எல்லாம் நெருப்பையும் வெயிலையும் சேர்ந்த சூட்டு வர்ணங்கள். நீலம், நீலம் கலந்த பச்சை, ஊதா எல்லாம் வானத்தையும் தண்ணீரையும் சேர்ந்த குளிர்ச்சி வர்ணங்கள். ஒரு படத்தில் இரண்டையும் அருகருகே வைத்தால், பொதுவாகச் சூட்டு வர்ணம் நம்மை நோக்கி முன்னே வருகிறது. குளிர்ச்சி வர்ணம் பின்னே ஒதுங்குகிறது. காகிதமும் தட்டை, திரையும் தட்டை. ஆனால் கண்ணுக்கு அங்கே ஆழம் தெரிகிறது. கார்த்திகைத் தீபத்தன்று விளக்கு வைத்த சிறிது நேரத்தில் வாசலைப் பாருங்கள். அகல்கள் பொன்னாக முன்னே நிற்கும். எதிர் வீட்டுக் கூரைக்கு மேல் வானம் கருநீலமாகப் பின்னே போய்க்கொண்டேயிருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ள முடியாததை எந்த வகுப்பும் கற்றுக்கொடுக்காது என்பது என் கட்சி.

ஆனால் எது சூடு, எது குளிர்ச்சி என்று தனியாக எடுத்து வைத்துச் சொல்ல முடியாது. வெந்நீரில் நனைத்த கையைப் பச்சைத் தண்ணீரில் வைத்தால் ஜில்லென்கிறது. பனிக்கட்டியைத் தொட்ட கைக்கு அதே தண்ணீர் வெதுவெதுப்பு. வர்ணமும் அப்படித்தான். சாதாரணச் சாம்பல் நிறத்தை ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தால் நீலச் சாயல் காட்டும். நீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அதுவே மண் நிறமாகிவிடும்.

இதைத் தீர விசாரித்து எழுதியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பாரிஸில் கோப்லின் என்ற புகழ்பெற்ற நெசவுசாலையில் சாயப் பகுதிக்கு மேற்பார்வையாளராக இருந்த செவ்ரேல் என்பவர். கறுப்பு நூல் சாயம் சரியில்லை, வெளிறித் தெரிகிறது என்று அங்கே புகார் வந்தது. அவர் பரிசோதித்துப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுத்துக் காட்டின. 1839ல் இதையெல்லாம் பெரிய புத்தகமாகவே போட்டார். மனிதர் 102 வயது வரை இருந்தார். இரசாயனம் படித்தவர், நல்ல ஆயுசு! மதுரையில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் தோய்க்கும் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால், "இதற்கா ஒரு புத்தகம்?" என்று கேட்டாலும் கேட்பார்கள்.

இனி மொட்டை மாடிக்கு வாருங்கள். மதுரைக்கு வடகிழக்கே ஒத்தக்கடைப் பக்கம் யானைமலை படுத்திருக்கிறது. நரசிங்கம் கோயிலுக்குப் போனவர்கள் அதை அருகில் பார்த்திருப்பீர்கள். பாறை பழுப்பு, சில இடங்களில் ரோஜாச் சாயல், மழைநீர் வழிந்து வழிந்து கறுத்த கோடுகள். வீட்டுக்குத் திரும்பி வந்து மாடியிலிருந்து பாருங்கள். பழுப்பும் இல்லை, கோடும் இல்லை. நீலம் கலந்த சாம்பலாக ஒரே உருவம். மலைமேல் யாரும் சாயம் பூசவில்லை. உங்களுக்கும் மலைக்கும் நடுவே பல மைல் காற்று இருக்கிறது. வெயில் பட்ட காற்று மற்ற நிறங்களைவிட நீலத்தை அதிகமாகச் சிதறச் செய்கிறது. அந்த நீலம் மெல்லிய திரையாக மலையின் மேல் கவிகிறது. வானம் நீலமாயிருப்பதற்கும் இதுதான் காரணம் என்று ஆங்கில விஞ்ஞானி ராலே பிரபு 1871ல் விளக்கினார். கடல் நீலமாயிருப்பது வெறும் வானத்தின் பிரதிபலிப்பு என்று அவர் சொன்னதை மாத்திரம் நம் ஸர் ஸி. வி. ராமன் ஒப்புக்கொள்ளவில்லை. 1921ல் கப்பலில் மத்தியதரைக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தவர், தண்ணீரும் நீலத்தைச் சிதறச் செய்கிறது என்று நிரூபித்துவிட்டார். அவரும் கண்ணால் பார்த்துத்தான் ஆரம்பித்தார்.

இத்தாலிய மேதை லியனார்டோ டா வின்சி 500 வருஷத்துக்கு முன்பே இதைத் தம் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஐந்து மடங்கு தூரத்தில் இருக்கும் கட்டடத்துக்கு ஐந்து மடங்கு நீலம் சேர் என்பது அவர் சொன்ன கணக்கு. பக்குவம் சொல்லும் பாட்டி மாதிரி அளவு சொல்லிவிட்டார்!

இந்த விதியை மதுரையில் அப்படியே கடைப்பிடித்தால் உப்புக் கரிக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும். சித்திரை மாதம் வெயில் கொளுத்தும்போது காற்றில் தூசி மிதக்கிறது. தூசித் துகள் பெரியது. அது நீலத்தை மட்டும் பொறுக்கிச் சிதறவிடாது, எல்லா நிறத்தையும் சேர்த்துச் சிதறவிடும். அப்போது தூரம் நீலமாகத் தெரியாது. வெளிறிப்போய், நீர்த்த பால் மாதிரி, சில சமயம் செம்மண் சாயலோடுகூடத் தெரியும். ஐப்பசியில் நாலு நாள் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் பாருங்கள். காற்றைக் கழுவி விட்டாற்போல் யானைமலை இரண்டு தெரு தள்ளி வந்து நிற்கும். பாறையின் பழுப்பு நிறம்கூடத் தெரியும். சாயந்தரம் மேற்கே திரும்பினாலோ விதியே தலைகீழ். நாகமலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது, எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிற வானம் நெருப்பாக எரிகிறது. அதற்கு முன்னால் இருக்கிற மலை ஊதாவாகக் குளிர்ந்து கிடக்கிறது. அப்போதும் ஆழம் தெரிகிறதா இல்லையா? பேஷாகத் தெரிகிறது! சூடும் குளிர்ச்சியும் எதிரெதிரே நின்றால் போதும். எது முன்னால், எது பின்னால் என்பதை அன்றைய வெளிச்சம் தீர்மானிக்கும். குளிர் தேசத்துச் சித்திரப் பாடத்தைப் பார்த்துவிட்டு எல்லா மலைக்கும் நீலம் அடிக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லவேண்டும்.

மலைக்கு இருக்கும் ஆழம் முகத்துக்கும் உண்டு. மூக்கு முன்னால், காது பின்னால். அங்கே மைல் கணக்கில் காற்று இல்லை. ஆகையால் வேறு சூத்திரம். வெளிச்சம் சூடாக இருந்தால் நிழல் குளிர்ச்சியாக இருக்கும்; வெளிச்சம் குளிர்ச்சியாக இருந்தால் நிழல் சூடாக இருக்கும். காலை எட்டு மணிக்குத் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போக வேண்டியதில்லை, கதவு திறந்திருக்காது. திறந்த பிறகு போய், முற்றத்தைச் சுற்றி நிற்கும் தூண்களில் ஏதாவது ஒன்றைக் கவனியுங்கள். வெயில் படும் பக்கம் மஞ்சள் கலந்த வெளுப்பு. வெயில் படாத பக்கம் கறுப்பு இல்லை. வானத்தின் வெளிச்சம் பட்டு இலேசான நீலம். தரையில் விழுந்த வெயில் எழும்பித் தூணின் அடிப்பாகத்தில் மறுபடியும் கொஞ்சம் சூட்டைப் பூசியிருக்கும். ஒரே சுண்ணாம்புப் பூச்சு, மூன்று நிறம். நிழல் என்பது வெளிச்சம் இல்லாத இடம் அல்ல. வேறொரு வெளிச்சம் வந்து சேரும் இடம். உங்கள் மகள் கறுப்பைக் கலந்தபோது அந்த வேறொரு வெளிச்சத்தை அணைத்துவிட்டாள். அதனால்தான் சாம்பல் பூத்தது.

கறுத்த முகத்தில் இந்த விளையாட்டு இன்னும் ஜோராகத் தெரியும். சிவந்த மேனியைப் போட்டால்தான் படம் எடுப்பாயிருக்கும் என்று ஒரு மூட நம்பிக்கை நம்மிடம் ரொம்பக் காலமாக இருக்கிறது. உண்மை நேர் எதிர். கறுத்த தோலில் வெளிச்சம் பட்ட இடம், எண்ணெய் தேய்த்த கருங்கல் சிலைபோல, வெளிச்சத்தின் நிறத்தை அப்படியே வாங்கிப் பளபளக்கிறது. திண்ணையில் வானத்து வெளிச்சத்தில் உட்கார்ந்தால் நெற்றியிலும் கன்ன மேட்டிலும் நீலம் கலந்த வெளுப்பு மின்னும். நடுப் பாகம் செம்பு. நிழல் பக்கம் அரக்கு. அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்தாலோ மின்னும் இடம் பொன். நிழலில் நாவற்பழ நிறம். இத்தனை செல்வத்தையும் விட்டுவிட்டு வெளுப்பைத் தேடிப் போவானேன்?

இதை நமக்கெல்லாம் கண்ணெதிரே காட்டிவிட்டுப் போனவர் ஓவியர் இளையராஜா. (இசைஞானி அல்ல; இவர் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, அந்த ஊர் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவர்.) சமையலறையில் பாத்திரத்தோடு நிற்கும் பெண், கதவோரத்தில் சாய்ந்திருக்கும் பெண் என்று நம் வீட்டு மாநிறப் பெண்களையும் கறுத்த பெண்களையும் வரைந்தார். புகைப்படமா என்று ஜனங்கள் கிட்டே போய்ப் பார்த்தார்கள். அவர் படங்களில் ஜன்னல் வழியே வரும் வெளிச்சத்தைக் கவனியுங்கள்: அது கன்னத்தில் விழும்போது ஒரு நிறம், பித்தளைக் குடத்தில் விழும்போது ஒரு நிறம், பின்னால் இருட்டுக்குள் போகும்போது ஒரு நிறம். அந்த இருட்டும் வெறும் கறுப்பாக இருக்காது. 2021 ஜூன் மாதம் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. வயது 43தான். அவர் படங்களின் நகல்கள் எங்கும் கிடைக்கின்றன; உங்கள் மகள் ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு நிழல் பக்கத்தை மட்டும் ஒரு மணி நேரம் பார்க்கட்டும்.

இனி மின்சாரப் பலகைக்கு வருவோம். வரைவதற்கான செயலிகளில் வர்ணத்தைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பாலும் ஒரு வளையம் இருக்கும். காசு கேட்காத கிரிட்டா போன்றவற்றிலும் உண்டு. வளையத்தைச் சுற்றினால் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று மாறும். நடுவில் உள்ள சதுரம் அல்லது முக்கோணத்தில் அந்த நிறத்தின் வெளுப்பும் கருமையும் இருக்கும். நிழல் வேண்டுமென்றால் எல்லோரும் செய்வது, புள்ளியைக் கறுப்பு மூலைக்கு நேரே இழுப்பது. அதைச் செய்யவேண்டாம் என்று சொல்லுங்கள். புள்ளியைக் கொஞ்சம் இறக்கினால் வளையத்தையும் கொஞ்சம் சுற்றவேண்டும். அப்பத்தா திண்ணையில் வானத்து வெளிச்சத்தில் இருப்பதாகப் படம் என்றால், மாநிறப் பழுப்பிலிருந்து சிவப்புப் பக்கமாகச் சுற்றி அரக்கில் நிழல் போடலாம். காலை வெயிலில் இருப்பதாகப் படம் என்றால் அதே பழுப்பை ஊதாப் பக்கமாக நகர்த்த வேண்டும். நகர்த்துவது விரற்கடை அளவு இருந்தால் போதும். நிறைய நகர்த்தினால் அப்பத்தா கூத்தில் வேஷம் கட்டியது போல ஆகிவிடுவார்.

'மல்டிப்ளை' என்று ஒரு வசதி உண்டு. அடியில் இருக்கும் நிறத்தோடு மேலே போடும் நிறத்தைப் பெருக்கிக் கருமையாக்கும். அதில் சாம்பல் நிறத்தை வைத்து நிழல் போடுகிறார்கள். பழைய சாம்பல் கதைதான். சாம்பலுக்குப் பதில் இளம் ஊதாவையோ மங்கிய ரோஜாவையோ வைத்துப் பார்க்கட்டும். அப்புறம் காது, மூக்கு நுனி, கன்னம் ஆகிய இடங்களில் இரத்த ஓட்டம் தெரியும். கறுத்த முகத்திலும் தெரியும். அங்கே கொஞ்சம் செம்மை சேர்க்க வேண்டும். முகத்துக்குப் பின்னால் சுவர் என்ன நிறம் என்று கடிதத்தில் இல்லை. வெள்ளைச் சுவராக இருந்தால் மாற்றிவிடச் சொல்லுங்கள். வெள்ளைக்கு முன்னால் கறுத்த முகம் இன்னும் இருண்டு தெரியும். அதைப் பார்த்துத்தான் பெண் வெளுப்பைக் கூட்டியிருக்க வேண்டும். நம் பழைய வீடுகளில் அடிப்பார்களே, நீலம் கலந்த மங்கிய பச்சை, அந்தச் சுவரை வைத்தால் முகம் தானாக முன்னே வரும். ஒரு பொட்டு வெளுப்பு சேர்க்க வேண்டியிராது. பாம்படம் போட்டிருந்தாரா? போட்டிருந்தால் படத்திலேயே பளிச்சென்ற மஞ்சள் அங்கே மட்டும் இருக்கட்டும்.

இன்னொரு அற்ப விஷயம். ஆனால் பல படங்களைக் கெடுப்பது இதுதான். இரவானதும் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று டாப்லெட்டும் கைப்பேசியும் தாமாகவே திரையை மஞ்சளாக்கிக்கொள்கின்றன. அந்த மஞ்சளில் வேலை செய்தவர்கள் மறுநாள் காலையில் பார்த்தால் படம் முழுவதும் நீலம் பாரித்திருக்கும். வர்ணம் போடும்போது அந்த வசதியை நிறுத்திவைக்கவேண்டும். கடை விளக்கில் சேலை வாங்கிய கதை!

அச்சடிக்கும் போதும் ஜாக்கிரதை தேவை. திரை தானே ஒளிர்கிறது, காகிதம் ஒளிராது. அச்சில் சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையும் சேர்ந்துதான் எல்லா நிறத்தையும் உண்டாக்கவேண்டும். திரையில் கண்ணைப் பறிக்கும் சில நீலமும் பச்சையும் ஆரஞ்சும் அந்த நாலு மைக்கு எட்டாது, மங்கித்தான் வரும். அந்தக் காலத்துச் சித்திரக்காரர்களுக்கு இந்த நெருக்கடி நன்றாகத் தெரியும். மதுரைக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கும் கோவில்பட்டியில் ஸி. கொண்டைய ராஜு (1898–1976) என்று ஒருவர் இருந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனியில் திரைச்சீலை எழுதி, பிறகு கோவில்பட்டியில் தங்கியவர். அவரும் அவருடைய சிஷ்யர்களும் எழுதிய தெய்வப் படங்கள்தான் சிவகாசியில் அச்சாகிக் காலண்டர்களாக நம் வீடுகளுக்கெல்லாம் வந்தன. அந்தப் பழைய காலண்டர் ஒன்று உங்கள் பூஜை அறையில் இன்னும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அநேகமாக, அம்மன் சிவப்பும் பொன்னுமாக முன்னால் இருப்பாள். பின்னால் ஆறும் குன்றும் வெளிறிய நீலத்தில் கரைந்து போகும். நாடக மேடையில் பத்தடி ஆழத்தில் ஒரு காட்டையே காட்டிப் பழகியவரின் கை அது. மை நாலு ஆனாலும் அந்த வித்தியாசம் அச்சில் சாகவில்லை.

ஆகவே, சகோதரி, பெரிய அளவில் அடிக்கக் கொடுப்பதற்கு முன் தபால் அட்டை அளவில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். பளபளப்புக் காகிதம் வேண்டாம். கூடத்து விளக்கு அதில் விழுந்து முகத்தை மறைக்கும். பிரதி இருண்டு வந்தால் திரையில் கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டி இன்னொரு முறை அடிக்கலாம், நிறத்தை மாற்றவேண்டாம். முடிந்த படத்தை உங்கள் கணவரிடம் காட்டும்போது பக்கத்தில் நின்று, "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். மாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுங்கள்.

மாக்கோலம் சீக்கிரம் உதிர்ந்துவிடுகிறது, என்ன செய்வது என்று தல்லாகுளம் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கு அடுத்த வாரம் பதில்.